இப்ப உங்க காதுல ஓடுறது எது? (தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் எல்லாரும் வாங்க)

காரிமங்கலத்தான்:

நம் பக்கத்து ஆட்கள் இந்த நாட்களில் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை, அதற்காகத்தான் இந்த இழை. மாவட்டம் 2004ல் பிரிந்துவிட்டது என்பதற்காகக் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஒதுங்க வேண்டாம், பஸ்ஸும் பாட்டும் இன்னும் ஒன்றுதான். ஒரே ஒரு வேண்டுகோள், "எக்காலத்துக்கும் பிடித்த பத்துப் பாட்டு" என்று பட்டியல் போடாதீர்கள். அதைப் போட்டால் ராஜா அஞ்சு, ரகுமான் மூணு, எம்.எஸ்.வி. ரெண்டு என்று எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான் வரும். இந்த வாரமோ இந்த மாதமோ விடாமல் திரும்பத் திரும்பப் போடுவது எது, எந்த நேரத்தில், எதில் கேட்கிறீர்கள், அதில் எந்த இடம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள், இதைச் சொன்னால் போதும்.

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை, கம்பெனி பஸ்ஸில்தான் போக்குவரத்து, அதனால் போக வர பாட்டு கேட்க நிறைய நேரம் கிடைக்கிறது. இப்போது ஓடுவது காருகுறிச்சி அருணாசலம். பெயரைச் சொன்னதும் எல்லாரும் 'சிங்கார வேலனே தேவா' என்பீர்கள், தெரியும். 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை', எஸ்.ஜானகி குரலோடு இவருடைய நாதஸ்வரம், ஆபேரி ராகம். அந்த ஒரு பாட்டிலேயே அவரை நிறுத்திவிட்டோம் என்பது என் வருத்தம். அவருடைய கச்சேரி ஒலிப்பதிவுகள் யூடியூபில் கிடக்கின்றன, ஒலி சுமார்தான், நடுவில் கரகரவென்று வரும். ஆனால் ஒரு ராகத்தை எடுத்து மெதுவாக மேலே கொண்டுபோய், மேல் ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரே மூச்சில் சரசரவென இறங்குவார் பாருங்கள், நான் காத்திருக்கும் இடம் அதுதான். குரு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பிடி அங்கங்கே தெரியும், இருந்தாலும் இவருடையதில் ஒரு குழைவு கூடுதல் என்று எனக்குப் படுகிறது. சண்டைக்கு வருபவர்கள் வரலாம். 1964ல் போய்விட்டார், நாற்பதைச் சற்றே தாண்டிய வயதுதான்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் நாதஸ்வரம் கேட்பதைப் பார்த்த பாட்டு ஆப், என் வீட்டில் கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டது. ஆலாபனை முடிந்த கையோடு கெட்டிமேளம் போடுகிறது, அதற்கு அடுத்து சுப்ரபாதம், அதற்கு அடுத்து "மணமகளே மருமகளே வா". இந்தத் தானியங்கிப் பரிந்துரையால் யாருக்காவது உருப்படியாக ஒன்று கிடைத்திருக்கிறதா?

தளிரோடு_ஓசூர்:

நல்ல கேள்வி அண்ணா. எங்கள் வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அதனால் என் பாட்டுப் பெட்டி எப்போதுமே கலந்துகட்டித்தான் இருக்கும். இந்த மாதம் முழுக்க பி.பி.ஸ்ரீநிவாஸ். தமிழில் ஜெமினி கணேசனுக்குப் பாடிய மென்மையான குரல் என்றுதான் எல்லாரும் அவரை நினைப்பார்கள். கன்னடத்தில் ராஜ்குமார் என்ற மலைக்கே அவர்தான் குரல், எழுபதுகளின் நடுவில் ராஜ்குமார் தானே பாட ஆரம்பிக்கும்வரை. அப்பாவுக்கு ராஜ்குமார் மீது தனிப் பாசம், 'நம்ம பக்கத்து ஆளு' என்பார். தாளவாடிப் பக்கம் காஜனூர் எங்கே, ஓசூர் எங்கே என்று கேட்டால் பதில் வராது.

இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது 1972ல் வந்த 'பங்காரத மனுஷ்ய' பாட்டுகள். இசை ஜி.கே.வெங்கடேஷ். நம் ராஜா சார் தனியாக இசையமைக்க வருமுன் இவரிடம்தான் உதவியாளராக இருந்தார். அது தெரிந்தபிறகு கேட்டால் காது வேறு மாதிரி வேலை செய்கிறது, வயலின் கூட்டமாக வந்து விலகும் இடத்திலெல்லாம் "இங்கே பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்" என்று தேடத் தோன்றுகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ராஜா ரசிகர்கள் யாராவது அவருடைய கன்னடப் பாட்டுகளைக் கேட்காமல் இருந்தால் உடனே கேளுங்கள். 1981ல் 'கீதா', சங்கர் நாக் படம். அதில் 'ஜொதெயலி' என்ற பாட்டைப் போட்டதும் "அட, இது 'விழியிலே மணி விழியில்' ஆச்சே" என்பீர்கள். கன்னடம்தான் முதல், தமிழ் 'நூறாவது நாள்' 1984ல் வந்தது. அப்புறம் 1983ல் 'பல்லவி அனுபல்லவி', மணிரத்னத்தின் முதல் படமே கன்னடம்தான். அந்தப் படத்தின் பின்னணி இசையைத்தான் பிற்பாடு ஒரு செல்போன் விளம்பரத்தில் எடுத்துப் போட்டார்கள். நாடு முழுக்க அந்த மெட்டை முணுமுணுத்தது, எங்கிருந்து வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

கேட்பது சமையலறையில், ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரில். தானியங்கிப் பரிந்துரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, என் வீட்டில் அம்மாதான் பரிந்துரை.

பென்னாகரம்_முகவீணை:

நீங்கள் எல்லாரும் வெளியிட்ட ஒலிப்பதிவு பற்றிப் பேசுகிறீர்கள். நான் கேட்பது எந்த ஆப்பிலும் இல்லை. நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் போன வெயில் காலத்தில் நானே செல்போனில் பிடித்த தெருக்கூத்து. கர்ண மோட்சம், விடிய விடிய ஆடியது. இப்போது தினமும் ராத்திரி அதைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூத்து என்றால் அட்டைக் கிரீடத்தையும் முகத்துச் சிவப்பையும் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள், பாட்டைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அப்புறம் முகவீணை. நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி சின்னதாக இருக்கும், சத்தம் மட்டும் ஊர் எல்லைவரை போகும். ஆட்டக்காரர் ஒரு அடி பாடிவிட்டு அடவு பிடிக்கும்போது அந்த அடியை முகவீணைக்காரர் வாங்கித் திருப்பிச் சொல்வார். ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்கும் நேரம் அது. கேட்கிறவனுக்கு அந்த அடி இரண்டாம் தடவை, வார்த்தையே இல்லாமல், காதில் ஏறும் நேரம்.

நான் காத்திருக்கும் இடம், கர்ணன் போருக்குக் கிளம்பும்போது அவன் மனைவி பொன்னுருவி மறிக்கும் தர்க்கப் பாட்டு. அவன் ஒரு அடி, அவள் ஒரு அடி. முதல் ஜாமத்தில் கூட்டம் நிறைய இருக்கும், விசிலும் சிரிப்பும் கோமாளி வேஷம் கட்டும் கட்டியங்காரனுக்கே போய்விடும். மூணு மணிக்கு மேல் பாதிக் கூட்டம் போர்வைக்குள் போயிருக்கும், அப்போதுதான் வாத்தியார் மைக்கை விட்டுத் தள்ளி நின்று பாட ஆரம்பிப்பார். என் பதிவில் அந்த இடத்தில் ஒரு குழந்தை அழுகிறது, டீ விற்கிறவர் குரல் வருகிறது, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதையெல்லாம் வெட்டிவிட்டு "கிளீன்" பண்ணித் தருகிறேன் என்று ஒரு தம்பி சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன்.

காரிமங்கலத்தாருக்கு ஒன்று. நாதஸ்வரத்தை இயர்போனில் கேட்பது எனக்குப் பிடிக்காது. திறந்த வெளியில், சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டிய வாத்தியம் அது, அதைக் கொண்டுபோய் காதுக் குழிக்குள் திணித்தால் குத்தத்தான் செய்யும்.

நைட்ஷிப்ட்_கெலமங்கலம்:

முகவீணை அண்ணா, குத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் காதுத் துவாரமே மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தைத் தானாக ஏற்றிக் கொடுக்கும். இயர்போன் செய்கிறவர்களும் அதே இடத்தை மனதில் வைத்து ஏற்றி வைப்பார்கள். நாதஸ்வரத்தின் காரமும் ஏறக்குறைய அங்கேயேதான். போனில் ஈக்வலைசரைத் திறந்து இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரை உள்ள பட்டையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், தலைவலி போய்விடும். வால்யூமைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

இப்போது தானியங்கிக்கு ஆதரவாக ஒரு ஓட்டு. நான் இந்த ரெண்டு மாதமாகக் கேட்பது டினாரிவென் என்ற குழு. சகாரா பாலைவனத்து டுவாரெக் மக்கள், மாலி, அல்ஜீரியா எல்லைப் பக்கம். எனக்கு யாரும் சொல்லவில்லை, ராத்திரி ஷிப்டில் ஏதோ ஒரு கிட்டார் பாட்டு முடிந்ததும் ஆப் தானாகப் போட்டது. தமாஷெக் மொழி, ஒரு வார்த்தை புரியாது. கிட்டார் ஒன்று ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், கை தட்டிக்கொண்டே ஒரு கூட்டம் பின்பாட்டுப் பாடும், பெண்கள் குலவை போடுவார்கள். ஆமாம், நம் ஊர்க் குலவையேதான், அங்கேயும் உண்டு. முதல் தடவை கேட்டபோது ஏதோ மாரியம்மன் பண்டிகையை யாரோ கிட்டாரில் வாசிக்கிறார்களோ என்றிருந்தது.

அந்தக் குழுவை ஆரம்பித்த இப்ராஹிம் அக் அல்ஹபிப் சின்னப் பையனாக இருந்தபோது, 1963ல் மாலியில் நடந்த கலகத்தில் அவர் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அகதியாக வளர்ந்தவர். தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி இவற்றை வைத்துத் தானே கிட்டார் செய்து பழகினார். 2011ல் 'தஸ்ஸிலி' என்ற ஆல்பத்தைப் பாலைவனத்திலேயே போய் உட்கார்ந்து, எலக்ட்ரிக் கிட்டாரை ஒதுக்கிவிட்டுச் சாதாரண கிட்டாரில் பதிவு செய்தார்கள், அடுத்த வருடம் கிராமி விருது வந்தது. அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

நேரம், பின்னிரவு இடைவேளை. இடம், கேன்டீன் பின்பக்கம், கெலமங்கலம் குளிர் தெரியுமல்லவா, தலையில் மப்ளர், அதற்குள் இயர்போன். பாலைவனத்துப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சூழ்நிலை, ஆனால் நன்றாகவே பொருந்துகிறது. ஆப்புக்கு நம் ரசனை தெரியாது என்பது சரிதான். ஆனால் எனக்குத் தெரிந்த மனிதர்கள் யாரும் எனக்கு டினாரிவென்னைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதானே.

அரூர்_டீச்சர்:

குலவை என்றதும் உள்ளே வந்தேன். எழுதாமல் போக முடியவில்லை.

நான் கேட்பது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள். குறிப்பாக 'வருகலாமோ', மாஞ்சி ராகம். ஒரே பாட்டைப் பலர் பாடி வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன், காலையில் காய் நறுக்கும்போது ஓடும், இஸ்திரி போடும்போது ஓடும். மாஞ்சி கொஞ்சம் விட்டால் பைரவிக்குள் போய் விழுந்துவிடும் என்பார்கள். எனக்கு ராக இலக்கணம் அவ்வளவு தெரியாது. நான் கவனிப்பது ஒரே விஷயம்தான், பல்லவிக்குத் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்பது. கோயிலுக்குள் வரலாமா என்று கேட்கிற ஆள், வாசலில் நிற்கிற ஆள். சிலர் அதைக் கெஞ்சலாகப் பாடுகிறார்கள், சிலர் அழகாகப் பாடிவிட்டு சங்கதி போடப் போய்விடுகிறார்கள், ஒன்றிரண்டு பேர் பாடும்போது மட்டும் "ஏன் வரக்கூடாது" என்ற தொனி அடியில் கேட்கிறது. அந்த ஒன்றிரண்டு பேருக்காகத்தான் மற்றதையும் சகித்துக்கொள்கிறேன்.

பெரியபுராணத்தில் நந்தனாருக்கு ஆண்டையே கிடையாது. கொடுமைக்கார வேதியர் பாரதியார் சேர்த்த பாத்திரம். அதைச் சேர்த்ததால்தான் கதைக்குப் பல் முளைத்தது, காலட்சேபத்தில் ஊர் ஊராகப் பரவியது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை இருக்கிறது என்று இதற்குச் சிறப்புப் பாயிரம் (பாராட்டு முன்னுரை) தர முதலில் தயங்கினார், பிறகு பாடக் கேட்டு உருகித்தான் எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1935ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தது கே.பி.சுந்தராம்பாள், வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். அந்தப் படம் இப்போது கிடைப்பதில்லை. அந்தக் குரலில் அந்த வேஷம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதோடு சரி. 1942ல் வந்த தண்டபாணி தேசிகர் 'நந்தனார்' வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தப் பாட்டை வெறும் பக்தியாக மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. அதற்கு மேல் இங்கே விரிக்க வேண்டாம்.

முகவீணை தம்பி, அந்தப் பொன்னுருவி தர்க்கத்தை மட்டும் வெட்டி அனுப்ப முடியுமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

காரிமங்கலத்தான்:

டீச்சர், அருமை. ஈக்வலைசர் யோசனைக்கு நன்றி தம்பி, இறக்கிப் பார்த்தேன், காருகுறிச்சி சாந்தமாகிவிட்டார். தவில்தான் கொஞ்சம் பின்னால் போனது, பரவாயில்லை.

ஒரு சந்தேகம். வீட்டுப் பரணில் ஒரு பை நிறைய அப்பாவின் கேசட்டுகள் இருக்கின்றன. கல்யாணத்தில் பிடித்த நாதஸ்வரம் ஒன்றிரண்டு அதில் இருக்கிறது. போட்டால் கம்பளிக்குள் இருந்து பாடுவது மாதிரி மந்தமாகக் கேட்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழி தெரிந்தவர்கள் யாராவது?

பழைய_கேசட்_கிருஷ்ணகிரி:

வணக்கம். கேசட் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். சினிமாப் பாட்டுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், அறுபது நிமிட டி.டி.கே.யில் பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு. தொண்ணூறு நிமிடம் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், நாடா மெலிசு, சிக்கினால் அவ்வளவுதான் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். காதல் தோல்விப் பட்டியல் கொண்டு வருகிற பையன்களுக்குச் சில சமயம் நானே நடுவில் ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்துவிடுவேன், ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

தம்பி காரிமங்கலம், மந்தமாகக் கேட்பதற்கு நாடாவைத் திட்டுவதற்கு முன் ஹெட்டை, அதாவது டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகத்தை, பார்க்க வேண்டும். முதலில் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும், நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டையும் துடை, பழுப்பாக அழுக்கு வரும், வெள்ளையாக வரும்வரை துடை. ரப்பர் உருளைக்குத் தண்ணீர் தொட்ட துணி போதும். அப்புறம்தான் முக்கிய வேலை. ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூ இருக்கும், அதுதான் ஹெட்டின் சாய்மானம். பதிவு செய்த டெக்கின் ஹெட்டும் உன் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் மேல்சத்தம் அத்தனையும் செத்துப்போகும். கேசட்டை ஓடவிட்டு, மோனோவில் வைத்து, காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூ டிரைவரால் அந்த ஸ்குரூவை மயிரிழை அளவு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பு. ஜால்ரா "சிங்" என்று தெளிவாகும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்து. ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த இடம் மாறும், சலிக்காமல் செய்ய வேண்டும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் ஓட்டாதே, அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். டெக்கின் பெல்ட் பிசின் மாதிரி இளகியிருந்தால் மாற்றிவிடு, இல்லாவிட்டால் ராகமே சுருதி விலகி ஆடும்.

கம்ப்யூட்டருக்கு டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒரு வயர், இலவசமாகக் கிடைக்கும் அடாசிட்டி மென்பொருள். அளவுமானி சிவப்பைத் தொடாமல் கொஞ்சம் இடம் விட்டுப் பதிவு செய். இரைச்சலை நீக்கும் பொத்தானைக் கையில் எடுக்காதே. முகவீணைக்காரர் சொன்னது சரி, இரைச்சலை எடுக்கப் போனால் மூச்சும் சேர்ந்து போகும்.

என் பங்குக்கு, இப்போது நான் கேட்பதும் இப்படி ஏற்றியதுதான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருப்பார். வயலின் வி.எஸ்.நரசிம்மன். கடையில் அதை வைத்திருந்தபோது வாங்கியவர்களில் பலர் அடுத்த வாரமே கொண்டு வந்து "அண்ணே, இதில் பாட்டு இல்லையே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அப்போது பெரிதாகப் பிடிபடவில்லை, கடையில் கூட்டம் இல்லாதபோது ஓடும். இப்போது ஓய்வாக உட்கார்ந்து கேட்கிறேன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியில் பாக் எழுதிய வயலின் துண்டு அப்படியே வரும், அதன் பக்கத்தில் நம் ஊர் வழியில் இன்னொரு வயலின் வந்து சேர்ந்துகொள்ளும். ரெண்டும் ஒன்றை ஒன்று கேலி செய்யாமல் பேசிக்கொள்கிற அந்த இடம் எனக்கு. 2025 மார்ச் 8ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை வாசித்தபோது எல்லாரும் திடீரென்று வியந்தார்கள். இந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்களோ.

மாங்கூழ்_லாரி:

படித்துக்கொண்டே வந்தேன், தலை சுற்றுகிறது. பாட்டு கேட்பதில் இவ்வளவு ஆராய்ச்சியா? மூவாயிரம் ஹெர்ட்ஸாம், ஹெட்டின் சாய்மானமாம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம், லாரி. மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் நிற்பேன், மற்ற நாளில் கிரானைட், எது கிடைக்குதோ அது. வண்டியில் ஒரு பென்டிரைவ், அதில் முழுக்க தேவா. சிரிக்காதீர்கள். 'அண்ணாமலை', 'பாட்ஷா' எல்லாருக்கும் தெரியும், நான் அந்தப் பெரிய படங்களைச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பெயர் தெரியாத படங்களுக்கெல்லாம் மனுஷன் போட்டுக் கொடுத்த மெலோடிகள், ஹீரோ யார் என்றே நினைவில்லாத பாட்டுகள். கானா தேவா என்று ஒரு முத்திரை குத்தி ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மெலோடிகளை ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைவேயில் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

காத்திருக்கும் இடமெல்லாம் கிடையாது. பாட்டை நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு, தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் இறங்கும்போது டோல்கேட் தாண்டியதும் செட்டை அமர்த்திவிடுவேன். லோடு வண்டி இறக்கத்தில் கியரில்தான் பிடித்து இறக்க வேண்டும், பிரேக்கை மட்டுமே நம்பினால் சூடேறிக் கைவிட்டுவிடும். இன்ஜின் சத்தம் உயரும்போது காதில் விழுந்தாக வேண்டும், அப்போது எந்தப் பாட்டும் கூடாது. கிளீனர் பையன்கள் முனகுவார்கள். அந்த இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்த்தவன் எவனும் முனக மாட்டான். அடிவாரம் வந்ததும் நிறுத்திய இடத்திலிருந்தே பாட்டைத் தொடங்குவேன், முதலிலிருந்து போட்டால் எனக்கு ஒத்து வராது.

பென்னாகரம்_முகவீணை:

லாரி அண்ணே, நீங்கள் சொன்னதும் ஆராய்ச்சிதான், உங்களுக்குத் தெரியவில்லை. தேவா மெலோடிக்கு நானும் ஒரு ஓட்டு.

டீச்சர் அக்கா, அனுப்புகிறேன், ஆனால் ஆடிய வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பள்ளிக்கூடத்துக்கு என்றால் சந்தோஷமாகச் சரி என்பார். யூடியூபில் போடுவதென்றால் அவருக்குக் கொஞ்சம் சங்கடம். போன வருடம் யாரோ இவர்கள் கூத்தைப் பிடித்துப் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்கிவிட்டார்கள், ஜமா (கூத்துக் குழு) பெயரைக்கூடப் போடவில்லை. கூத்துப் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கவனத்தில் வையுங்கள், வெற்றிலை பாக்கோடு தட்டில் ஏதாவது வைத்துக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், போடும்போது ஊர், ஜமா, வாத்தியார் பெயர் போடுங்கள்.

அப்புறம் பிடிக்கும் முறை. குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் உட்காராதீர்கள், கரகரப்புத்தான் மிஞ்சும். பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், மிருதங்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இடம் பிடிக்க வேண்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு துண்டின் மேல் வையுங்கள், சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் பதிவாகும். மூணு மணிக்கு மேல் தூங்கிவிடாதீர்கள், நல்ல பாட்டெல்லாம் அதற்கப்புறம்தான்.

அரூர்_டீச்சர்:

கேட்டே அனுப்புங்கள் தம்பி, அவசரமில்லை. முடிந்தால் வாத்தியாரையே ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிடுகிறோம், போக வர செலவு நான் பார்த்துக்கொள்கிறேன். முகவீணையைப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை.

தளிரோடு_ஓசூர்:

கேசட் அண்ணா, கடையில் கன்னடக் கேசட் விற்குமா அப்போது?

பழைய_கேசட்_கிருஷ்ணகிரி:

ராஜ்குமார் பக்திப் பாட்டு விற்கும், ராகவேந்திரர் பாட்டு கேட்டு வியாழக்கிழமை வருவார்கள். மற்றதெல்லாம் பெங்களூர் பஸ் ஏறினால் கிடைத்துவிடுமே, என்னிடம் ஏன் வாங்கப் போகிறார்கள்.

மாங்கூழ்_லாரி:

தம்பி கெலமங்கலம், ஸ்டீயரிங்கில் கை இருப்பதால் வாயால் சொல்லித்தான் தேட முடியும். அந்தப் பாலைவனத்துக் குழுவின் பேரைச் சொன்னால் ஒரு தடவை 'தினம் ஒரு வேன்' என்று ஸ்கூல் வேன் வீடியோ வந்தது, இன்னொரு தடவை ஏதோ சேனலின் நியூஸ் வந்தது. என்ன சொல்லித் தேடுவது?

நைட்ஷிப்ட்_கெலமங்கலம்:

ஹாஹா. 'டுவாரெக் கிட்டார்' என்று சொல்லிப் பாருங்கள் அண்ணே, வந்துவிடும். வராவிட்டால் பென்டிரைவைக் கொடுத்து அனுப்புங்கள், தேவாவை அழிக்காமல் ஒரு ஓரத்தில் ஏற்றித் தருகிறேன். முதல் பாட்டிலேயே முடிவு கட்டாதீர்கள், மூணாவதில்தான் எனக்கே பிடித்தது. தொப்பூரில் மட்டும் நிறுத்திவிடுங்கள்.